மூன்று அறை, ஐந்து அடி

ஜூன் 3

இருநூறு பக்க நோட்டு. அட்டையில் 'வொக்காபுலரி' என்று அவரே கறுப்பு ஸ்கெட்சால் எழுதிக் கொடுத்தார். நாளுக்குப் பத்துச் சொல். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒப்பிக்க வேண்டும். செப்டம்பர் பதினான்கு ஐஇஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் பரீட்சை. நான்கு பகுதியிலும் ஏழு வாங்கினால் நியூசிலாந்து என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார்.

பரீட்சை எனக்குத்தான். அவருடைய சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை வைத்து விண்ணப்பிக்க முடியவில்லை. நான் பி.எஸ்ஸி. நர்சிங். அதை வைத்து முடிகிறதாம். "என் இங்கிலீஷுக்கும் உன் சர்டிபிகேட்டுக்கும்தான் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கணும்," என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் வளர்ந்தது நாக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். தமிழ் பேசுவார், படிக்க வராது. சென்னைக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் பஸ் போர்டை என்னிடம்தான் கேட்பார். நோட்டில் சொல்லுக்கு எதிரே நான் தமிழில் பொருள் எழுதுவதைப் பார்த்து, "என்ன இது, ஜிலேபிக் கடையா?" என்றார்.

பொருளுக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. அதில் நான் வேறு ஏதாவது எழுதினாலும் அவருக்குப் பொருள் எழுதுகிற மாதிரிதான் தெரியும். எட்டரைக்கு அமெரிக்காக்காரர்களோடு கால் ஆரம்பித்தால் பத்தரை வரைக்கும் அறைக்கதவு சாத்தியிருக்கும். மகள் நைரா தூங்கிவிடுவாள். எனக்கு எழுத நேரம் அதுதான்.

இன்று பத்துக்கு எட்டு. இரண்டு அறை. வலிக்கும்படி இல்லை.

ஜூன் 5

பத்துக்கு ஏழு. மூன்று அறை. சாம்பாரில் பெருங்காயம் விட்டுப் போனது, அது தனி.

ஜூன் 9

பெல்லிகோஸ்: சண்டைக்கு நிற்கிற, வம்புக்கு இழுக்கிற.

பொருள் சரியாகச் சொன்னேன். உச்சரிப்புதான் போயிற்று. நான் நோட்டில் தமிழில் எழுதிப் படிக்கிறேன். நமக்கு ஒரே 'ப'. பாட்டுக்கும் அந்த ப, பஸ்ஸுக்கும் அந்த ப. நான் பாட்டு 'ப' போட்டுச் சொல்லிவிட்டேன். "அகெய்ன்," என்றார். திரும்பவும் அதே. மூன்றாவது தடவைக்குப் பிறகு எது எந்த 'ப' என்று என் காதே எனக்குச் சொல்ல மறுத்துவிட்டது. உதடு மட்டும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

இன்று அறை இல்லை. மேஜையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். ஐந்து அடி, விரல் முட்டியில். தட்டையாக அல்ல, விளிம்பால்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் முகத்தில் கோபமே இல்லை. குரலும் உயரவில்லை. கோபத்தில் கை நீட்டுகிறவர்களைத்தான் அடிக்கிறவர்கள் என்று சொல்வது. இது சொல்லிக்கொடுப்பது. பள்ளிக்கூடத்தில் வாங்காததா?

தோசைக்கு அரைத்து வைக்க வேண்டியிருந்தது. விரல் மடங்கவில்லை. மாவை இடது கையால் வழித்தேன்.

ஜூன் 18

அம்மா போன் பண்ணினாள். ஸ்கேலைப் பற்றி விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏட்டி, மாப்ளை ஒன் நல்லதுக்குத்தான சொல்லுதாவ. எத்தன பேரு பொண்டாட்டிய படிக்க வைக்காவ?"

"ஆமாம்மா."

"அடிச்சு வளக்காத பிள்ளையும் முறிச்சு வளக்காத முருங்கையும்னு சும்மாவா சொன்னாவ?"

"நான் பிள்ளை இல்லியேம்மா. எனக்கு இருபத்தெட்டு ஆகுது."

 பிறகு, "நைரா சாப்ட்டாளா?" என்றாள்.

ஜூன் 22

மிட்டிகேட்: கடுமையைக் குறைத்தல்.

உதாரணம்: முதல் நாள் ஐஸ், இரண்டு நாள் கழித்து வெந்நீர் ஒத்தடம். காயம் முதலில் சிவப்பு, பிறகு நீலம், ஐந்தாம் நாள் ஓரம் பச்சை, எட்டாம் நாள் மஞ்சள். திருநெல்வேலியில் கேஷுவாலிட்டியில் இரண்டு வருடம் இருந்தபோது, தோலைப் பார்த்தே எத்தனை நாள் காயம் என்று சொல்வேன். என் இடது தோளில் இப்போது மூன்று கிழமைகள் இருக்கின்றன.

ஜூலை 2

எதிர் ஃபிளாட் மெர்சி அக்கா கறிவேப்பிலை வாங்க வந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. என் புருவத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"கப்போர்டு கதவு இடிச்சிருச்சுக்கா."

"ஓ." கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்தார். "எங்க வீட்லயும் ஒரு கப்போர்டு இருந்துச்சு. எட்டு வருசம். டெய்லி இடிக்கும். ஒரு நாள் சட்டி பானையோட சேத்து வெளிய அனுப்பிட்டேன். இப்ப வீடு நல்லா காத்தோட்டமா இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருவம் விண் என்று தெறித்தது.

எங்கள் வீட்டுக் கப்போர்டு நல்ல கப்போர்டு என்று சொல்ல நினைத்தேன்.

ஜூலை 14

எட்டு நாளாகப் பத்துக்குப் பத்து! கேப்ரிஷியஸ், ஆப்ஸீக்வியஸ், டெலிட்டீரியஸ், இம்ப்யூனிட்டி, எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பஸ் 'ப'வும் வந்துவிட்டது. துணி மடிக்கும்போது, நைராவுக்கு ஷூ போடும்போது, குக்கர் விசிலுக்கு இடையில், எப்போதும் வாய் முணுமுணுக்கிறது. படித்தால் அடி இல்லை. எவ்வளவு எளிமையான விஷயம், இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லையே.

உடம்பில் மஞ்சள் மட்டும்தான் பாக்கி.

ஜூலை 17

பத்துக்குப் பத்து. அவர்தான் சரியாக இல்லை. ஆறரை மணிக்கு நோட்டை மூடிய பிறகு கூடத்திலேயே நடந்தார். ஸ்கேலைத் தொடையில் தட்டிக்கொண்டே. உப்புப் பார்த்தார், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

ஜூலை 19

இன்று முதல் நைராவுக்கும் வகுப்பு. "அங்க போய் ஸ்கூல்ல திணறக் கூடாதில்ல? நீதான் ரெடி ஆயிட்ட, இனி இவ," என்றார். எல்.கே.ஜி. போய் ஒரு மாதம்தான் ஆகிறது. படம் போட்ட அட்டைகள் வாங்கி வந்திருக்கிறார். யானை, ஆப்பிள், பந்து. அப்பா மடியில் உட்கார்ந்து குதித்தாள். ஒட்டகச்சிவிங்கியை 'ஜிராப்பி' என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

அப்பாவும் மகளும் சேர்ந்து சிரிப்பதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது. ஸ்டீல் ஸ்கேல் எங்கே இருக்கிறது என்று ஏனோ ஒரு முறை பார்த்துக்கொண்டேன். 

ஜூலை 23

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 24

நேற்று நடந்தது.

சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜிராஃப் எந்த எழுத்தில் ஆரம்பிக்கும் என்று கேட்டார். 'ஜே' என்றாள். 'ஜி' என்றார். திரும்பக் கேட்டார். 'ஜே' என்றாள். காதில் கேட்பது ஜே தானே, நான்கு வயதுக்கு வேறு எப்படித் தெரியும்? பிறகு அந்தச் சத்தம். எனக்குப் பழக்கமான சத்தம்தான். ஆனால் அதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டதில்லை.

கூடத்துக்கு வந்த பிறகுதான் கையில் கத்தி இருந்ததைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "கத்தி எதுக்கு?" என்றார். புன்னகையோடு. டீபாய் மேல் வைத்தேன்.

"அவ சின்னப் பிள்ளைங்க," என்றேன். அதற்காக எனக்கு. வலது காது இன்னும் அடைத்தே இருக்கிறது. மூக்கில் இரத்தம் வந்தது. நாற்காலியோடு விழுந்ததால் முதுகிலும் அடி.

நைரா அழவில்லை. கவுன் நனைந்து, கால் வழியாக வழிந்து, தரையில் பரவியது. நின்ற இடத்திலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி இருக்க வேண்டும் என்று என்னிடமிருந்து தெரிந்துகொள்கிறவள் மாதிரி.

எனக்கு மூன்று அறை. ஸ்கேலால் ஐந்து அடி. நைராவுக்கு ஒரு அறை.

ஜூலை 25

பத்துக்கு ஏழு. மூன்று சொற்கள் மறந்துவிட்டன.

மறந்தவை:
ரெட்டிசென்ட்: அதிகம் வாய் திறவாத, மனதில் உள்ளதைச் சொல்லாத.
ப்ளக்கேட்: கோபத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்துதல்.
டிகாய்: கவனத்தைத் தன் பக்கம் இழுப்பதற்காக வைக்கும் பொய்ப் பறவை.

ஆறே காலுக்குள் மூன்று அறையும் முடிந்தன. அதன் பிறகு அவர் அட்டைகளை எடுக்கவில்லை. "போதும், டயர்டா இருக்கு," என்று லேப்டாப்பைத் திறந்துவிட்டார். நைரா பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

ஜூலை 30

நேற்று இரண்டு சொல்தான் மறந்தது. போதவில்லை. ஏழு மணிக்கு, "நைரா, கார்டு எடுத்துட்டு வா," என்றார். 'நான் எட்டாவது சொல்லையும் தப்பாகச் சொன்னேனே, நீங்கள் கவனிக்கவில்லை,' என்று நானே ஞாபகப்படுத்த வேண்டியதாயிற்று.

மூன்றுதான் சரியான அளவு.

ஆகஸ்ட் 9

இப்போது ஐந்து வேண்டியிருக்கிறது. வார்டில் இதை டாலரன்ஸ் என்போம். பழகிப்போனால் அதே மருந்து அதே அளவில் கேட்காது. கூட்ட வேண்டும். பழகிப்போனது என் உடம்பு அல்ல.

துணி காயப்போடும்போது கை தோளுக்கு மேல் போகவில்லை. நைராவின் கவுன்களை நாற்காலி முதுகில் விரித்தேன். ரவை தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 13

ஏஜென்ட் ஆபீஸில் மாதிரிப் பரீட்சை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் நைரா நினைவு, அடுப்பு நினைவு எல்லாம் போய், இரண்டே முக்கால் மணி நேரம் நான் மட்டும் இருந்தேன். ஏழரை வந்துவிட்டது. குறைத்து எழுதியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

லிஃப்ட்டில் மெர்சி அக்காவிடம் சொன்னேன். "ஏழரையா? உனக்கு அது எப்பவோ ஆரம்பிச்சிருச்சும்மா," என்றார். பிறகு என் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். "என் கதவு தாப்பா போட்டிருக்காது. பகல்லயும் சரி, ராத்திரிலயும் சரி. சும்மா சொல்லி வெக்கிறேன்."

வீட்டில் அவர் அந்த மார்க் தாளை இரண்டு முறை படித்தார். "வீட்ல டெய்லி அஞ்சு தப்பு. அங்க ஏழரை. எப்படி?"

"அங்க டிக் அடிக்கிறதுதானேங்க."

"ம்," என்றார்.

ஆகஸ்ட் 15

சுதந்திர தினம், லீவு. சேமியா பாயசம் வைத்தேன்.

நான் நைராவைக் குளிப்பாட்டிவிட்டு வந்தபோது இந்த நோட்டு அவர் மடியில் விரித்திருந்தது. "ஒரு வேர்டுக்கு எதுக்கு இவ்ளோ மீனிங்?" என்றார். போன் கேமராவைப் பக்கத்தின் மேல் பிடித்திருந்தார். மொழிபெயர்க்கிற ஆப். ஜூலை இருபத்து நான்காம் தேதிப் பக்கம்.

குழந்தையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டைக் கையில் முறுக்கினேன். கதவு எத்தனை அடி தூரம் என்று பார்த்தேன்.

என் கையெழுத்தில் முக்கால்வாசி அதற்குப் புரியவில்லை போலிருக்கிறது. ஏதேதோ உளறியதைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நின்றார். இங்கிலீஷில் வந்ததைத் தமிழாக்கி வாய்விட்டுப் படித்தார். "எனக்கு மூணு ரூம். ஸ்கேலால் அஞ்சு ஃபீட். நைராவுக்கு ஒரு ரூம்."

நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ரதி! வீட்டு பிளானா? நியூசிலாந்து வீடா?"

ஆப் பொய் சொல்லவில்லை. அறை என்றால் ரூம். அடி என்றால் ஃபீட். இரண்டும் தமிழ்தான்.

"ஆமாங்க," என்றேன்.

"ஸ்கேல் போட்டெல்லாம் அளந்திருக்கியே. ஆனா அஞ்சடி என்னது, பாத்ரூமா? இடிச்சுக்கும்பா!" விழுந்து விழுந்து சிரித்தார். "இதான் மனசு படிப்புல இல்லாம மார்க் குறையுது. என்கிட்ட சொல்லியிருக்கலாமே, பைத்தியம்." பக்கத்தைப் போட்டோ எடுத்து நாக்பூரில் இருக்கும் அவர் அம்மாவுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். வெள்ளைத் தாளில் வீடு வரைந்து, நைராவுக்குக் கடல் பார்த்த அறை கொடுத்தார். ஒப்பித்தல் இல்லை. ஐந்து வருடத்தில் இப்படி ஒரு சாயங்காலம் இருந்ததில்லை. அவர் வரைந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே போனால் கத்தினால்கூடத் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள் என்று ஏனோ தோன்றியது. ஐஸ்கிரீம் உருகிவிட்டது.

ஆகஸ்ட் 18

அவர் மீன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அத்தை கூப்பிட்டார். அத்தைக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அம்பாசமுத்திரத்தில் பத்தாவது வரை படித்தவர்.

"ரதி, அவன் போட்டோ அனுப்பியிருந்தான்."

"ம்."

"முழுசும் படிச்சேன்."

 மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"வீட்டு பிளான் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன் அவன்கிட்ட. நீ பயப்படாத. அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போட்ரு."

"சரி அத்தை."

"அவங்க அப்பாவும் ஸ்கேல்தான் வெச்சிருந்தாரு. மரஸ்கேல். ரயில்வேல குடுத்தது." பிறகு, "நான் எழுதி வெக்கல," என்றார்.

பக்கத்தைக் கிழிக்க இரண்டு முறை கை வைத்தேன். கிழித்தால் பின்பக்கத்துச் சொற்களும் போய்விடும். பரீட்சைக்கு வேண்டும். அதனால்தான் கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 21

பத்துக்கு நான்கு. நைரா தூக்கத்தில் 'ஜி, ஜி, ஜி' என்கிறாள்.

ஆகஸ்ட் 27

இது வேறு நோட்டு. மெர்சி அக்காவின் பள்ளிக்கூட விளையாட்டுச் சாமான் பதிவேடு; பின்பக்கத்தில் எழுதுகிறேன். இடது கை மாவுக்கட்டில் இருக்கிறது. வலது கை நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வீடியோ காலில் வந்தார். அவர் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார். நான் இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை எத்தனை நாள் தனக்குள்ளேயே ஒத்திகை பார்த்தாரோ, ஒரே மூச்சில், "எல்லாம் உன் இஷ்டம்டா, ஒண்ணே ஒண்ணு, குழந்தைய மட்டும் கை வெக்காத. ஜிக்கும் ஜேக்கும் அது என்னத்தக் கண்டுச்சு?" என்றார்.

 "ஜி, ஜே உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டது மட்டும் கேட்டது. அத்தை இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அவர் என்னைக் கூப்பிட்டார். நோட்டைக் கையில் கொடுத்தார். "படி," என்றார். "சத்தமா."

"மூணு அறை," என்று ஆரம்பித்தேன். "கிழக்கே பாத்த அடுப்படி, பின்னால துணி காயப்போட இடம்..." இரண்டு பக்கம் இல்லாத வீட்டைக் கட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "பொய். அம்மா வேற மாதிரி படிச்சிருக்காங்க. முதல்லேர்ந்து," என்றார். ஸ்கேல் மடியில் இருந்தது.

படித்தேன். ஜூன் மூன்றிலிருந்து. என் கன்னத்தில் விழுந்ததை எல்லாம் என் குரலிலேயே அவருக்குப் படித்துக் காட்டினேன். விளிம்பால் என்று எழுதியதை விளிம்பால் என்றே படித்தேன். முதலில் குரல் நடுங்கியது. ஜூலை வந்தபோது நடுங்கவில்லை. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை, மறந்த சொற்களின் பட்டியல் வரும்வரை.

"ஆக, ரெட்டிசென்ட் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"டிகாய்?"

"தெரியும்."

"ஒரு மாசமா என்ன ஏமாத்தியிருக்க." அடித்ததை எழுதியது அவருக்குப் பெரிதாக இல்லை. தப்பு பொய்த் தப்பாக இருந்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. "ஓகே. புது ரூல். இனிமே உன் தப்புக்கு அவ வாங்குவா. நைரா, இங்க வா."

வந்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள் இப்போதெல்லாம்.

"அக்ஸோரியஸ். மீனிங் சொல்லு."

எந்தப் பட்டியலிலும் இல்லாத சொல். எண்பது சொச்சம் நாளில் எண்ணூறுக்கு மேல் படித்தேன், இதைப் படிக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். "சொல்லு," என்றார். அவளுடைய கையைப் பிடித்து, விரல்களை விரித்து மேஜை மேல் வைத்தார். ஸ்கேலைச் செங்குத்தாகத் திருப்பினார்.

நான் இடது கையை நடுவில் கொடுத்தேன். விளிம்பு முன்கையில் இறங்கியது. தோல் பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகுதான் இரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை. அதைப் பிடித்துப் பின்னால் முறுக்கினார். "எடு. எடுன்னு சொல்றேன்." நான் எடுக்கவில்லை. இன்னும் முறுக்கினார். உள்ளே பச்சை முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். முன்கை எலும்பு, ரேடியஸ் என்று தெரிந்துவிட்டது. வலிக்கு முன்னால் பெயர்தான் வந்தது.

அப்போதுதான் நைரா கடித்தாள். அவருடைய தொடையில், முழு வாயால், விடாமல். அவர் கத்தி, அவள் தலைமுடியைப் பற்றினார். நான் வலது கையால் மேஜையில் இருந்த இட்லிக் குக்கர் மூடியை எடுத்து அவர் காதோரம் இறக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதையும் போட்டேன், அது தேவையில்லாதது, ஆனாலும் போட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். குழந்தையை இடுக்கிக்கொண்டு செருப்பில்லாமல் எதிர்க் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

மெர்சி அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. ஸ்கிப்பிங் கயிறும் அட்டையும் வைத்துக் கையைக் கட்டி, ஆட்டோ பிடித்து, நைராவை மடியில் போட்டுக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரிக்கு என்றார்.

பாதி வழியில் நான், "அக்கா, போன்ல ஒரு வார்த்தை பாத்துச் சொல்றீங்களா?" என்றேன்.

"அடிப் பாவி! கை தொங்குது, உனக்கு இப்ப வார்த்தை கேக்குதா?"

"அக்ஸோரியஸ். யு, எக்ஸ், ஓ..."

தேடினார். படித்தார். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு முறை படித்தார். "பொண்டாட்டி மேல அளவுக்கு மீறி ஆசை வெச்சிருக்கிற புருசனாம்," என்றார். விசிலை வாயில் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு முறை எங்களைப் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார்.

கேஷுவாலிட்டியில் எங்களுக்குப் பத்து நிமிடம் பின்னால், எப்படித் தெரிந்துகொண்டாரோ, அவரும் வந்து சேர்ந்தார். காதோரம் கைக்குட்டை, இஸ்திரி போட்ட சட்டை. டியூட்டியில் இருந்தது சின்னப் பெண், டாக்டராகி ஒரு வருடம் இருக்காது. அவர் அழகான இங்கிலீஷில் ஆரம்பித்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், கையை ஊன்றினாள், தூக்கப் போனதில் எனக்கும் அடி. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அந்தப் பெண் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரைத் திறந்து எழுதத் தொடங்கினாள்.

அந்த ரெஜிஸ்டரை நானும் எழுதியிருக்கிறேன். வழுக்கி விழுந்தேன், மாடு முட்டியது, கதவு இடித்தது என்று எத்தனையோ பெண்கள் சொன்னார்கள். காயத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தாலும் தெரியும். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பேனா பாதியில் நின்றது. அவள் என் முன்கைப் பிளவைப் பார்த்தாள். கோடு போட்ட மாதிரி நேரான பிளவு.

"நீங்க சொல்லுங்கம்மா. விழுந்தீங்களா?"

"ரதி," என்றார் அவர், மிக மெதுவாக, "யோசிச்சுப் பேசு."

"விழலை. ஸ்கேலால அடிச்சு, கைய முறுக்கி ஒடிச்சது."

அந்தப் பெண் எழுதியதைக் குறுக்கே அடித்தாள். "அடிச்சது தெரிஞ்ச ஆளா, தெரியாத ஆளா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நானும் கேட்டிருக்கிறேன், எதுவும் நினைக்காமல். ஐந்து வருடம் ஒரே தலையணை உறை துவைத்திருக்கிறேன். 

"தெரிஞ்ச ஆள்."

"பேரு?"

எங்கள் வீட்டில் பெண்கள் சொல்ல மாட்டார்கள். அம்மா ரேஷன் கடையில்கூட அப்பா பெயரைப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுத்தான் சொல்ல வைப்பாள். படித்தவள் நானும், பள்ளி விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. அந்த நோட்டிலும் பாருங்கள், எழுதவில்லை.

"முகுந்த்," என்றேன். சத்தமாகத்தான் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நைரா மெர்சி அக்காவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இங்கிலீஷ்ல எழுதணும். கடைசில 'டி' மட்டுமா, 'டிஹெச்'சா?"

"டி மட்டும்," என்றேன்.